மூட்டமான காலையில் திறந்த வால்வு

நெய்வேலி நகரியத்தில் இன்னாசிராஜ் இருந்த குவார்ட்டர்ஸ் அவருடைய மனைவி அன்னமேரியின் பெயரில் கிடைத்தது. அவள்தான் சுரங்க அலுவலகத்தில் பெர்மனன்ட் ஊழியர். ஆடி மாதம் மாரடைப்பில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த அதே வாரத்தில் அவர் வழக்கம்போல பஸ் ஏறி வேலைக்குப் போனார். குவார்ட்டர்ஸ் பிளாக்கில் இருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பேசினார்கள். வீட்டில் இருப்பதும் வேலைக்குப் போவதும் அவருக்கு ஒன்றாகத்தான் இருந்தது. அழுகைகூட வரவில்லை.

மேல்பட்டாம்பாக்கம் பக்கம் சடையப்பன் போட்டிருந்த பசுமைக்குடிலில்தான் வேலை. உள்ளே முழுக்க வெள்ளரிக்கொடி. இலைகள் கரியமில வாயுவை உள்ளே இழுத்து, வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரையாக்கிக் காய்க்கு அனுப்பும். மூடிக் கிடக்கும் குடிலில் வெயில் ஏறிய கொஞ்ச நேரத்துக்குள் இருக்கிற வாயுவையெல்லாம் இழுத்துத் தீர்த்துவிடும். அதனால் சிலிண்டரிலிருந்து துளைபோட்ட குழாய் வழியாகக் கொடிகளுக்கு நடுவே கூடுதலாக விடுவார்கள். காலையில் வால்வைத் திறப்பதும், வெக்கை கூடி ஜன்னல்களைத் திறக்கும் முன் அதை மூடுவதும் இன்னாசிராஜின் பொறுப்பு. வெளிச்சம் இல்லாவிட்டால் செடி அந்த வாயுவை எடுக்காது, மூட்டமான நாளில் வால்வுப் பக்கமே போகாதீர்கள் என்று சடையப்பன் முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஐப்பசியில் ஒரு காலை வானம் இருண்டு கிடந்தது. இன்னாசிராஜின் கை பழக்கத்தில் வால்வைத் திருகியது. எவ்வளவு திருகினார் என்பதையும் அவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கொடிகளைக் கயிற்றில் ஏற்றிக் கட்டினார். பிறகு கடைசி வரிசையில் ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். செடிகள் தொடாத வாயு குடிலுக்குள் சேர்ந்துகொண்டே இருந்தது. தலை கனத்தது, மூச்சு வாங்கியது. அன்னமேரி போனதிலிருந்தே அவருக்குத் தலை கனமாகவும் நெஞ்சு அடைத்தாற்போலவும்தான் இருந்தது. அதனால் இதை அவர் வேறாக நினைக்கவில்லை.

காய் பறிக்கும் கண்ணகி மழையால் தாமதமாக வந்தாள். சரிந்து கிடந்தவரைக் கதவருகிலிருந்தே பார்த்துவிட்டாள். வால்வை மூடி, கதவை விரியத் திறந்துவிட்டு, அவர் கக்கத்தில் கை கொடுத்து வெளியே இழுத்து வந்தாள். தூறலில் சற்று நேரம் கிடந்த பிறகு அவர் கண் திறந்தார்.

"இன்னாண்ணே இது? மூட்டத்துல கேஸத் தொறந்து வுட்டுட்டு உள்ளயே உக்காந்துகினு இருக்கீங்க."

"தெறந்தேனா?"

"தல சுத்தும்போதே வெளிய வந்துருக்கலாமில்ல?"

"தல எப்பவும் இப்பிடித்தாம்மா இருக்கு. அவ போனதுலேருந்து."

வேலையிடத்தில் அவர் மனைவியைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. கண்ணகி சடையப்பனுக்குப் போன் போட்டாள்.

சடையப்பன் வந்து டாக்டரிடம் கூட்டிப்போனார். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். சடையப்பன் திட்டவில்லை, வால்வைக் கண்ணகியிடம் ஒப்படைத்துவிட்டு, இன்னாசிராஜை வெளியே காய் தரம் பிரிக்கப் போட்டார். இன்னாசிராஜுக்கு அவமானமாகவும் இல்லை, நிம்மதியாகவும் இல்லை. காய் பிரித்தார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கியது. கண்ணகி தன் தெருவிலேயே ஓர் அறை பார்த்துச் சொன்னாள். போய்ப் பார்க்காமலே சரி என்றுவிட்டார். ஒரு குட்டி யானை வண்டியில் எல்லாச் சாமானும் அடங்கிவிட்டது. அன்னமேரியின் புடவைகளை அவள் தங்கை வந்து எடுத்துப் போனாள்.

மறுநாள் வேலைக்கு நடுவே, அறை பிடித்திருக்கிறதா என்று கண்ணகி கேட்டாள்.

"தண்ணி நல்லா வருதும்மா," என்றார்.