பத்திரத்தில் வளர்மதியின் பெயர்

சாந்தி மேடம் இறந்துவிட்டார் என்று பழைய கிளையிலிருந்து போன் வந்தபோது நான் இப்போது வேலை செய்யும் இளம்பிள்ளைக் கிளையில் இருந்தேன். மாரடைப்பு என்றார்கள். கையிலிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டுத் மேடத்தின் வீடு இருந்த திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய உற்சாகம் நினைவிருக்கும். முதல் வீடு வாங்குபவர்களுக்கு அரசு தரும் வட்டி மானியத்தை அவரளவுக்கு நம்பியவர் யாருமில்லை. மானியம் வேண்டுமென்றால் பத்திரத்தில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும் என்ற விதி அவருக்கு மிகவும் பிடிக்கும். முரண்டு பிடிக்கும் கணவர்களிடம் அலுக்காமல் பேசுவார். "வாடகை ஊட்ல இருந்தா யாரு வேணாலும் வெளிய போகச் சொல்லலாமுங்க. உங்க ஊட்டுக்காரம்மா பேரும் பத்திரத்துல இருந்தா யாரும் சொல்ல முடியாதுங்க" என்பார்.

குமாரபாளையத்தில் தறி ஓட்டிய வளர்மதிக்கும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் டிரைவரான அவர் கணவருக்கும் அப்படித்தான் கடன் கிடைத்தது. வளர்மதிதான் தயங்கினார். பெயர் போட்டால் கடனிலும் தான் கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டார். அதெல்லாம் வெறும் சம்பிரதாயத்துக்குத்தான் என்று மேடம் சொல்லிவிட்டார்.

மானியம் வந்தது. புதுமனை புகுவிழாவுக்கு நாங்கள் இருவரும் போய்ச் சாப்பிட்டு வந்தோம். சில காலத்துக்குப் பிறகு, வண்டியோடு வடக்கே போன கணவர் திரும்பவில்லை. அங்கே வேறு குடும்பம் இருப்பதாகத் தெரிந்தது. தவணை நின்றதும் நோட்டீஸ் வளர்மதிக்குப் போனது.

கிளைக்கு வந்த வளர்மதி சத்தம் போடவில்லை. "சம்பிரதாயத்துக்குத்தான்னு சொன்னீங்கக்கா. உங்களை நம்பித்தான் கையெழுத்துப் போட்டனுங்க. அவரு எங்கியோ நல்லா இருக்கறாரு. நான்தான் மாட்டிக்கிட்டனுங்க" என்றார். மேடத்தால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டித் தவணைக் காலத்தை நீட்டி வாங்கிக் கொடுத்தார். வளர்மதி வீட்டில் பாதியை வாடகைக்கு விட்டு, இரண்டு ஷிப்ட் தறி ஓட்டினார். வீடு தப்பியது. ஆனால் மேடம் பழைய மேடமாக இல்லை.

அதன் பிறகு யார் கடன் கேட்டு வந்தாலும், கணவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு மனைவியிடம் தனியாகக் கேட்பார்: "அவரு ஒருநாளைக்குக் கட்டாமப் போனா, நீ ஒருத்தியாக் கட்டுவியா சாமி?" பல பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். கிளையில் கடன்கள் குறைந்தன. மேடத்தை ஆத்தூருக்கு மாற்றினார்கள். புறப்படும்போது என்னிடம், "நான் கேட்டது சரியான்னு தெரியலீங்க. எந்திரிச்சுப் போனவங்க இன்னமும் வாடகை ஊட்லதான் இருக்கறாங்க" என்றார்.

இழவு வீட்டுக்கு வளர்மதி வந்திருந்தார். வெகுநேரம் வாசலிலேயே நின்றார். நான் பக்கத்தில் போனபோது அவராகவே சொன்னார்: "கோவம் இன்னமும் போகலீங்க. ஆனா வராம இருக்கவும் முடியலீங்க."

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி. இப்போது நானும் கேட்கிறேன். கட்டுவேன் என்று தலையாட்டும் பெண்ணைப் பார்த்தாலும் நிம்மதி வருவதில்லை. எழுந்து போகும் பெண்ணைப் பார்த்தாலும் வருவதில்லை. ஆனாலும் கேட்காமல் கையெழுத்து வாங்க என்னால் முடியவில்லை.