நான் மறுபடி ஏற்றிய ரிங்

என் தம்பி சேவியர் பிழைக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிழைத்த கதையைக் கேட்க உட்கார்ந்தவர்கள் ஏமாறக் கூடாது. ஆனாலும் ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார். அதற்காகத்தான் இந்தச் செபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நம் தீவில் டெய்ரி ஃபார்ம் பகுதியில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அப்பா தூத்துக்குடியிலிருந்து இங்கே மீன்பிடிக்க வந்தவர். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, ஸ்பேனரைப் பிடித்தேன். தம்பிக்கு வண்டி ஓட்டுவதென்றால் உயிர். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, கூரையைக் கழற்றிவிட்டு, நண்பர்களோடு ஊருக்கு வெளியே மண் ட்ராக்கில் சுற்றிச் சுற்றி ஓட்டுவான்.

போன தவக்காலத்தில் அந்த ஜீப்பின் பின்சக்கரங்கள் ஊளையிட ஆரம்பித்தன. கழற்றிப் பார்த்தால் பேரிங் இரண்டும் போயிருந்தன, ஆக்சில்களும் தேய்ந்திருந்தன. சென்னையிலிருந்து கப்பலில் புதுசு வரவழைத்தோம். பெட்டியைப் பிரித்தால் ரிங் மட்டும் இல்லை. பேரிங் நகராமல் ஆக்சிலில் இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வளையம் அது. பழையதை உளியால் வெட்டி எறிந்துவிட்டுப் புதியதைத்தான் ஏற்ற வேண்டும். ஒரு தடவை உருவியது மறுபடி சரியாகப் பிடிக்காது. தொழில் தெரிந்த எவனுக்கும் இது தெரியும்.

“அடுத்த கப்பல் வரட்டும்ல” என்றேன்.

“ஞாயித்துக்கிழம ஓட்டணும்ணே. பழசயே போட்டு விடு, சலேகா, ஒண்ணும் ஆவாது” என்றான்.

அவன் கேட்டான் என்று பழி போட மாட்டேன். கை என்னுடையது. பழைய ரிங்கையே சூடு காட்டி அடித்து ஏற்றினேன். அதற்கு முன்பும் அப்படிச் செய்து ஒன்றும் ஆகவில்லை என்கிற திமிர் எனக்கு.

ஞாயிறு பூசை முடிந்து ட்ராக்குக்குப் போனோம். மூன்றாவது சுற்றில் இடது பின்சக்கரம் ஆக்சிலோடு உருவிக்கொண்டு வெளியே வந்தது. ஜீப் உருண்டது. தம்பி அடியில் கிடந்தான்.

மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகிற நிலையில் அவன் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும், “பைத்தியம் மாதிரி ஓட்டினாம்லா” என்றார்கள். அவன் மனைவி ஸ்டெல்லா தலை குனிந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் தலையை ஆட்டினேன். சகோதரர்களே, அந்த நேரம் நான் செய்த செபம் என்ன தெரியுமா? மாதாவே, ரிங் விஷயம் யாருக்கும் தெரியக் கூடாது. உயிருக்குப் போராடுகிறவன் என் கூடப் பிறந்தவன், நான் கேட்டது இதை.

கேட்ட பிறகு எனக்கே என்மீது அருவருப்பு வந்தது. வெளியே மரத்தடியில் நின்று அழுதேன். “ஆண்டவரே, அவன் ஒரு தடவை கண்ணைத் திறக்கட்டும். நான் செய்ததை அவனிடம் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உம் சித்தம்” என்றேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கண்ணைத் திறந்தான். நர்ஸ் என்னை உள்ளே விட்டார். நான் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டான்: “பாப்பா போற வேன்லயும் நீதானண்ணே வேல பாத்த? அதுலயும் பழசா?”

ஆமாம், அதிலும் பழைய ரிங்தான். அவனுடைய ஏழு வயது மகளும் இன்னும் பத்துப் பிள்ளைகளும் தினமும் பள்ளிக்கூடம் போகிற வேன். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியது.

ஓடினேன். வேன்காரர் பிஸ்வாஸ் தம் வீட்டு வாசலில் நின்றிருந்தார். “க்யா ஹுவா, பாயி?” என்று என்ன ஆயிற்றென இந்தியில் கேட்டவரைத் தாண்டிப் போய் வேனை ஜாக்கி வைத்துத் தூக்கினேன். வலது பின்சக்கரத்தைக் கையால் இழுத்தேன். ஒரு விரற்கடை வெளியே வந்தது. அங்கேயே, சேற்றிலேயே முழங்காலிட்டேன்.

திரும்பிப் போய், “வேன நிறுத்திட்டேன்ல” என்றேன். கண்ணை மூடியபடி தலையசைத்தான். என்னை மன்னித்தானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் போய்விட்டான்.

அடக்கம் முடிந்ததும் ஸ்டெல்லாவிடமும், அவனைப் பழித்த எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். ஸ்டெல்லா அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. அதில் அவள்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இப்போதெல்லாம் பழைய ரிங்கை வண்டிக்காரர் கண் முன்னாலேயே இரண்டாக வெட்டுகிறேன். சாமான் இல்லையென்றால் கப்பல் வரும்வரை வண்டி நிற்கும். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும்.

ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். என் முதல் செபத்தைக் கேளாமல் விட்டதற்கும் சேர்த்து நன்றி. உங்களிலும் யாராவது எதையோ மறைத்துக்கொண்டு செபிக்கிறீர்கள் என்றால், அதைச் சொல்லத் தைரியம் கேளுங்கள். அவர் தருவார், நம்புங்கள்.

போன வாரம் ஸ்டெல்லா மகளைக் கூட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையிடம் சொன்னாள்: “பாப்பா, வேன்ல பின்னால சத்தம் கேக்குன்னு பெரியப்பாட்ட சொல்லு. அவங்களே பாக்கட்டும்.”