வாசல் வரைக்கும் ஹெல்மெட்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கூப்பிடுகிற ஊருக்கெல்லாம் போய் ஹாக்கியில் கோல்கீப்பராக நிற்பேன். சில வருடங்களுக்கு முன் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்து அணி ஒன்று அழைத்தது. அவர்களுடைய கீப்பர் பைக் விபத்தில் இறந்திருந்தான். கோலில் நிற்கும்போது அவன் போடும், முகத்தை மறைக்கிற கம்பி வைத்த ஹெல்மெட்டைத்தான் எனக்குக் கொடுத்தார்கள்.

ஆட்டம் முழுக்க கோலுக்குப் பின்னால் ஒரு அம்மாளின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏலே, எடது பக்கத்தப் பாருலே! தூங்குதியா?"

ஜெயித்துவிட்டோம். நான் ஹெல்மெட்டைக் கழற்றப் போனபோது அந்த அம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டாதீங்க தம்பி. எம்புள்ள செத்தது எனக்குத் தெரியும், எனக்குக் கிறுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டு வாசல் வரைக்கும் இப்படியே வாங்க, போதும்."

வெயிலில், கரிசல் புழுதியில், கால் பேடுகளோடு நடந்தேன். நான் விட்ட ஒரு கோலுக்காக வழியெல்லாம் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

"அந்தப் பந்தப் போயி விடுவியாலே? கண்ண எங்கன வச்சிருந்த?"

நான் வாய் திறக்கவில்லை. என் குரல் வேறு.

வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போதும் எந்த ஊரில் கோல் விட்டாலும் என்னையறியாமல் திரும்பிப் பார்க்கிறேன். பின்னால் வலை மட்டும்தான் இருக்கிறது.