பூச்சியத்தை எங்கே வைப்பது

லவாலில் ஒரு துளை

மரியதாஸ் அண்ணை கையுறையைக்கூடக் கழற்றாமல் மாடிப்படி ஏறி வந்து, என் வரைபடத்தை விசைப்பலகைக்கு மேல் விரித்து, ஒரு துளையின்மேல் விரலை வைத்தார். குழாய் பூட்டுவதற்கான துளை அது. இடது விளிம்பிலிருந்து பதினொரு இலட்சத்து இரண்டாயிரத்து நாற்பது அங்குலத்தில் அதைப் போட வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். மேசையின் முழு நீளமே ஏழு அடிதான்.

எங்கள் தொழிலில் எதை எங்கே வைத்தாலும் பரவாயில்லை, பூச்சியத்தை எங்கே வைத்தோம் என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும். சமையலறைகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேசைகள் செய்யும் பட்டறை எங்களுடையது. கணினியில் மேசையை வரைந்து, ஒரு மூலையைப் பூச்சியம் என்று வைத்து, எல்லாத் துளைகளையும் எல்லா விளிம்புகளையும் அந்த ஒரே பூச்சியத்திலிருந்து எழுதுவோம். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே எவ்வளவு என்று எழுதுவதில்லை. அப்படி எழுதினால், ஒன்று பிழையானால் பின்னால் வருவதெல்லாம் பிழையாகும். இந்த முறையில் அந்த ஆபத்து இல்லை. பூச்சியமே பிழையானால் என்ன ஆகும் என்று மட்டும் வகுப்பில் சொல்லித்தரவில்லை.

கட்டடக் கலைஞர் அனுப்பிய வரைபடத்துக்குள்ளேயே நான் மேசையை வரைந்திருந்தேன். அவருடைய பூச்சியம் நில அளவைக்காரர் எங்கோ நட்ட ஒரு கல்லில் இருந்தது. அதை மேசையின் மூலைக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன். அது என் முதலாவது வாரம். மூன்று மாதச் சோதனைத் தவணை. அது முடியும்போது முதலாளி ரொபேர் நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்திடுவார், அல்லது இடமாட்டார். இடாவிட்டால், பதினொரு வருடம் பெட்டி மடித்த பிஸ்கற் தொழிற்சாலை வரிசைக்கே நான் திரும்ப வேண்டும். மாலை வகுப்புக்குப் போய் வரைபடம் படித்ததே அந்த வரிசையிலிருந்து எழும்பத்தான்.

மரியதாஸ் அண்ணை மன்னார்க்காரர். தகடு மடிக்கும் இயந்திரத்தில் இருபது வருடம். கைத்தொலைபேசியில் பெருக்கிக் காட்டினார்.

"இருபத்தெட்டுக் கிலோமீற்றர் வருது பிள்ளை. மேசை இஞ்ச கிடக்கு, துளையைப் போட நான் ஆத்துக்கு அங்கால லவாலுக்குப் போகோணும். பெற்றோல் ஆர் அடிக்கிறது, நீரோ ரொபேரோ?"

நாலு சில்லு

அதற்குப் பிறகு ஒரு மாதம் பூச்சியத்தைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தேன். வரைபடத்தைத் திறந்ததும் முதல் வேலை, அதை மூலையில் இருத்துவது. கணினிக்குள் இருக்கும் பூச்சியம் சொன்ன இடத்தில் இருக்கும். வெளியே இருப்பதுதான் நடமாடும்.

டவுன்டவுனில் ஓர் உணவகத்துக்கு அளவெடுக்கப் போனேன். சமையலறையின் பின்சுவர் முழுக்கத் தட்டுகள். இடது சுவர் சாய்வு, மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு. நேராக நின்றது ஆளுயர ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதன் விளிம்பைப் பூச்சியமாக வைத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தேன். அழகான வரைபடம். ரொபேர்கூட அதைப் பார்த்து "போன்" என்றார், நல்லது என்று. அவருடைய பிரெஞ்சில் அதற்குமேல் பாராட்டு இல்லை.

மேசையைக் கொண்டுபோன அன்று அது ஒன்பது அங்குலம் இடித்தது. பூட்ட வந்த இருவரும் மேசையை நடுவில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்கள். நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். அங்கே சமையல் செய்யும் செல்வம், உரும்பிராய்ப் பெடியன், வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு வந்தான். ஒவ்வொரு ஞாயிறும் அதை உருட்டி இழுத்துப் பின்னால் கழுவுவார்களாம். திரும்பத் தள்ளும்போது வந்த இடத்தில் விடுவார்களாம். "நான் அளந்த அண்டைக்கு எதில நிண்டது?" என்று கேட்டேன். அவன் நிலத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தான். கடைசியில் நாலு பேரும் சேர்ந்து, என் வரைபடத்தில் பிழை வராத இடம்வரைக்கும் ஃபிரிட்ஜைத் தள்ளினோம். அதன்பின் மேசை கச்சிதமாகப் பொருந்தியது.

செல்வம் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "குறை நினைக்காதேங்கோ அக்கா, அடுத்த முறை அளக்கேக்க ஒருக்காக் குனிஞ்சு பாருங்கோ. அதுக்கு நாலு சில்லு இருக்கு."

ஒன்றில் பிடிப்பவர்

உங்களில் யாருக்காவது தகட்டு வேலைக்காரருடன் பழக்கம் இருந்தால் இது தெரிந்திருக்கும். அளவு நாடாவின் நுனியில் ஒரு கொக்கி இருக்கும். நாடா விழ விழ அது வளையும், ஆடும். அதனால் கைதேர்ந்தவர்கள் கொக்கியை நம்பமாட்டார்கள். நாடாவில் ஒன்று என்று போட்ட கோட்டை விளிம்பில் வைத்து அளந்து, வந்த எண்ணில் ஒன்றைக் கழித்துவிடுவார்கள். மரியதாஸ் அண்ணை இருபது வருடமாகப் பூச்சியத்தைத் தொட்டதில்லை.

என் பக்கத்து மேசை பிரகாஷ், சென்னைக்காரர். அச்சு இயந்திரத்துக்கு மேலே, இரண்டு சுவருக்கு இடையில் ஒரு தட்டு வேண்டும் என்று மரியதாஸ் அண்ணையைக் கூப்பிட்டார். இருவருமாக அளந்தார்கள். நாடாவின் தொடக்கத்தைப் பிரகாஷ் சுவரில் பிடித்தார். முடிவை மரியதாஸ் அண்ணை வாசித்தார், வழக்கப்படி ஒன்றைக் கழித்தார், கீழே போய்த் தகட்டை வெட்டினார். தட்டு ஓர் அங்குலம் குறைவாக வந்தது. அந்த இடைவெளியால் எங்கள் பேனாக்கள் ஒவ்வொன்றாக அச்சு இயந்திரத்துக்குள் விழத் தொடங்கின.

"என்னண்ணா இது? டேப்னா எல்லாரும் ஜீரோலதானே பிடிப்பாங்க?" என்றார் பிரகாஷ்.

"பிடிப்பினம் தம்பி, எல்லாரும் பிடிப்பினம்" என்றார் மரியதாஸ் அண்ணை. "அதாலதான் எல்லாற்ற வீட்டு மேசையும் ஆடுது."

முட்டை

தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போது கர்க்லாண்ட் என்ற புறநகரிலிருந்து பவானி அக்கா மேசை கேட்டு வந்தார். புது வீடு. மேலே இருக்கும் குசினி விருந்தாளிகளுக்குக் காட்ட. மீன் பொரிக்க, மிளகாய்த்தூள் வறுக்க நிலக்கீழ் அறையில் இரண்டாவது குசினி. இரண்டு சுவருக்கு நடுவே தொண்ணூற்றாறு அங்குல மேசை, ஒரு சிங்க், மூன்று துளை. எட்டடிக்கு ஒரு நூல்கூடக் கூடினாலும் உள்ளே போகாது. நானே போய் அளந்தேன், சுவரிலிருந்து. சுவருக்குச் சில்லு இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

வரைபடத்தைச் சம்மதத்துக்கு அனுப்பி அரை மணி நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, மூலையில முட்டை போட்டிருக்கிறீர்."

அதுதான் தொடக்கம் என்று விளக்கினேன்.

"தொடக்கமெண்டபடியால்தான் சொல்லுறன். பிள்ளையார் சுழி போடுற இடத்தில ஆரும் முட்டை போடுவினமோ? புதுக் குசினி. என்ர மனுசன் கண்டாரெண்டால் கையெழுத்து வைக்கமாட்டார்."

கணினியில் மட்டும் இருக்கிற எண் அது, மேசையில் எழுதுவதில்லை என்றேன். அப்படியென்றால் மாற்றுவதில் உமக்கு என்ன கஷ்டம் என்றார். பூச்சியத்தை எடுத்து மேசைக்கு இடப்புறம் ஓர் அங்குலம் தள்ளி, சுவருக்குள் வைத்தேன். மென்பொருளுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. இடது விளிம்பு ஒன்று ஆனது, வலது விளிம்பு தொண்ணூற்றேழு ஆனது, நடுவில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்று கூடியது. இதை அவருக்கு மட்டும் அனுப்புவது, பட்டறைக்குப் பழையதைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

அனுப்பியதும் அவர் அழைத்தார். "இப்பதான் பிள்ளை பாக்க வடிவா இருக்கு. கணக்குத் தெரிஞ்ச ஆள் கீறின மாதிரி."

தொண்ணூற்றாறு

எங்கள் பட்டறையில் ஒரு விதி உண்டு. வாடிக்கையாளர் கையெழுத்திட்ட தாள்தான் கீழே போகும், வேறு எதுவும் போகாது. அடுத்த நாள் நான் என் திட்டத்தைப் பிரகாஷிடம் சொல்லிவைக்காமல் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். பவானி அக்காவின் கணவர் கையெழுத்திட்ட தாள் வந்தது. பிரகாஷ் விதிப்படி அதைக் கீழே கொடுத்துவிட்டார். அவரில் பிழையில்லை. மறுநாள் காலை வந்து அதைக் கேட்டதும், பாதி வீங்கியிருந்த வாயோடு படியிறங்கி ஓடினேன்.

மேசை வெட்டி, மடித்து, ஒட்டி, மினுக்கி, மரக்கட்டைகள்மேல் இருந்தது. அதன் அருகில் ரொபேர் நின்றார், ஒரு கையில் நாடா, ஒரு கையில் அந்தத் தாள். வெளியே போகும் எல்லா மேசையையும் அவர் ஒருமுறை அளப்பார். அளக்கும்போது தாளில் கடைசி எண்ணை மட்டும் பார்ப்பார்.

"தொண்ணூற்றேழு என்று எழுதியிருக்கிறது" என்று எதிரே நின்ற மரியதாஸ் அண்ணையிடம் பிரெஞ்சில் சொன்னார். "இது தொண்ணூற்றாறு. ஓர் அங்குலம் குறைய வெட்டியிருக்கிறாய், மரியா. நாளைக் காலை லொறி கர்க்லாண்டுக்குப் போக வேண்டும்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மேசை சரியாகத்தான் இருந்தது. அடுத்த மூச்சிலேயே மற்றது விளங்கியது. சரியாக வெட்டிய மனிதர் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

மரியதாஸ் அண்ணை ரொபேரை மறுக்காமல், என் பக்கம் திரும்பாமலே, தமிழில், ஏதோ இயந்திரத்துக்குச் சொல்வதுபோல மெல்லச் சொன்னார்: "விளிம்பில ஒண்டெண்டு கிடந்தது. கடைசியில மேல இருக்கிற இந்தக் கந்தோரில ஒருத்தருக்கு அளக்கத் தெரிஞ்சிட்டுதெண்டு சந்தோசப்பட்டு, ரேப்பில ஒண்டை வைச்சு வெட்டினன். நீர் வாயைத் திறவாதையும். வெள்ளிக்கிழமைதானே கடிதம்? என்னை இருபது வருசத்துக்குப் பிறகு ஆரும் ஒண்டும் செய்யேலாது."

ரொபேர் அவரை என்ன செய்திருப்பாரோ எனக்குத் தெரியாது. புதுத் தகடு எடுத்து இன்னொரு மேசை வெட்டச் சொல்லியிருப்பார் என்பது தெரியும். அது தொண்ணூற்றேழு அங்குலத்தில் வரும், கர்க்லாண்டில் எட்டடிச் சுவருக்குள் போகாமல் நிற்கும், அப்போதும் பேச்சு வாங்குவது மரியதாஸ் அண்ணையாகத்தான் இருக்கும். நான் பிஸ்கற் தொழிற்சாலையை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். பிறகு வாயைத் திறந்தேன்.

"மேசை சரி, மிஸ்யு ரொபேர். பிழை தாளில். பூச்சியத்தை நான்தான் தள்ளி வைத்தேன்."

"ஏன்?"

புதுக் குசினியின் தொடக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் ஏன் பூச்சியத்தைப் பார்க்க விரும்பாது என்பதை என் பிரெஞ்சில், பாதி வாயால் விளக்கினேன். பிள்ளையார் சுழிக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. காற்றில் போட்டுக் காட்டினேன். மரியதாஸ் அண்ணை கத்தோலிக்கர், உதவிக்கு வர முயன்று அதை இன்னும் சிக்கலாக்கினார். ரொபேர் தாளின் இடது மூலையை முதன்முறையாகப் பார்த்தார். ஒன்று. வலது மூலை. தொண்ணூற்றேழு. மேசையைப் பார்த்தார். நான் என் மேசையிலிருந்து எடுத்துப் போக வேண்டியவற்றைக் கணக்கிட்டேன்: ஒரு தேநீர்க் கோப்பை, ஒரு கம்பளிச் சட்டை.

ரொபேர் மேலே போனார். திரும்பி வந்தபோது கையில் கடிதம் இருந்தது. அதை ஸ்டீலின்மேல் வைத்து, பேனாவைத் திறந்தார். இனிமேல் இந்தப் பட்டறையில் பூச்சியம் பூச்சியமாகத்தான் இருக்கும், வாடிக்கையாளருக்கு வேண்டுமென்றால் வண்ணப்படம் கீறி அனுப்பு என்றார். தலையை ஆட்டினேன். கையெழுத்திட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:

"என் மாமியார் பதினாலாம் மாடியில் இருக்கிறார். அந்தக் கட்டடத்தில் பதின்மூன்றாம் மாடி கிடையாது, பன்னிரண்டுக்கு மேலே பதினாலு. அதை வரைந்தவனையும் ஒருவரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை."

இந்த வேலை வாய்த்த மற்றவர்களுக்கு மூன்று மாத அனுபவத்தில் நான் சொல்லக்கூடியது, பூச்சியத்தை எங்கே வைத்தோம் என்பதை வாயாலும் சொல்லிவிடுங்கள், தாளை ஒருவரும் முழுக்க வாசிப்பதில்லை. ரொபேர் பேனாவை மூடிக்கொண்டு மேலே போய்விட்டார். மரியதாஸ் அண்ணை லொறிப் பயணத்துக்காக மேசையின் மூலைகளுக்கு அட்டை சுற்றத் தொடங்கினார். நான் கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, மறுபக்க மூலையைப் பிடித்துக்கொண்டேன்.