வளையம் இல்லாத செருப்பு

தங்கராசு அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது அவர் தைத்த செருப்புதான் என் கையில் இருந்தது. இலுப்பூரில், அவர் தைப்பதை விற்கிற என் கடையில், வாடிக்கையாளர் ஒருவருக்குக் கணுக்கால் வாரை மாட்டிவிட்டுக் கொண்டிருந்தேன். அன்னவாசலில் அவர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே கட்டிக்கொடுத்த மகள் கவிதா போன் பண்ணினாள். "சித்தப்பா, அப்பா எந்திரிக்கல" என்றாள். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. முதல் நாள் சாயங்காலம்தான், செருப்புக்குக் கொக்கி வாங்கி அனுப்பச் சொன்னது என்ன ஆச்சு, காதில் விழுந்ததா இல்லையா என்று போனில் என்னைக் காய்ச்சி எடுத்தார். வாங்கி வைத்த கொக்கிப் பொட்டலம் என் மேசையில் அப்படியே கிடந்தது.

அவர் செருப்பில் நடந்தவர்கள்தாம் இதைப் படிக்கப் போகிறீர்கள். ஆனால் உங்களில் இளையவர்கள் பலருக்கு அவருடைய பழைய செருப்பைத் தெரியாது. தடித்த தோலில் அடி, குறுக்கே ஒரு பட்டை, கட்டைவிரலுக்கு ஒரு வளையம், அவ்வளவுதான். பின்னால் ஒன்றும் கிடையாது. மொத்தச் செருப்பையும் கட்டைவிரல் ஒன்றுதான் பிடித்துக்கொள்ள வேண்டும். விளக்கெண்ணெய் ஊறிய அந்தத் தோலின் மினுமினுப்பைப் பார்த்தே, இது தங்கராசு செருப்பு என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் எடுத்துக் கொடுத்தது அதைத்தான். "கட்டவெரல் கெட்டியா இருக்குறவனுக்கு என் செருப்பு கழலாது" என்பார். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே இருந்தது. இருக்க வேண்டியதுதானே!

ஒரு நாள் மத்தியான வெயிலில், செருப்பு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு நடந்து வந்தார். வலது காலில் செருப்பு இல்லை. நான் வழக்கம்போல வம்புக்கு இழுத்தேன். "என்னண்ணே, மூட்டை நெறையச் செருப்பு, ஒத்தக் காலு வெறுங்காலா வாரீங்க?" அவர் குனிந்து பார்த்தார். அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. செருப்பு கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்ததும் தெரியவில்லை. பூ விற்கிற அக்கா ஒருவர், அங்கிட்டு ரோட்டோரம் கிடந்தது என்று செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். கட்டைவிரலின் அடியில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. அதுவும் அவருக்கு வலிக்கவில்லை.

சர்க்கரை அவர் காலின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. புண் ஆறவில்லை. அழுகல் மேலே ஏறாமல் இருக்க வலது கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கறுப்பு ரப்பர் செருப்பு ஒன்று கொடுத்தார்கள். நல்ல செருப்புதான். மெத்தென்று இருக்கும், காலைக் கடிக்காது. ஆனால் அதைப் போட்டவரைப் பத்தடி தூரத்திலிருந்தே சர்க்கரைக்காரர் என்று ஊர் சொல்லிவிடும். அந்த வைகாசியில் கவிதாவுக்குக் கல்யாணம். இன்னொரு புண் வந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க நேரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இவரோ, நான் தைத்த செருப்பில்தான் மாப்பிள்ளையை வரவேற்க நிற்பேன் என்று பிடிவாதமாக இருந்தார். அவர் மனைவி செல்லம்மா மதினி அழுது பார்த்தார், திட்டியும் பார்த்தார். மனிதர் அசையவில்லை.

கால் அளவு எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார். அட்டையை விரித்து, அதன்மேல் காலை ஊன்றி நின்றார். நான் உட்கார்ந்து பென்சிலால் சுற்றிக் கோடு போட்டேன். வாடிக்கைக்காரர்களுக்கு எத்தனையோ காலம் எடுத்த அளவு, கை அது பாட்டுக்குப் போனது. அவர் காலை எடுத்ததும் பார்த்தால், இல்லாத கட்டைவிரலையும் சேர்த்து வளைத்துப் போட்டிருக்கிறேன்! அண்ணன் அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஒன் கைக்கு இன்னும் சேதி போகல தம்பி. அழிச்சுட்டு, இருக்குறத மட்டும் போடு."

வளையத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை. அது இல்லாவிட்டால் நம் செருப்பு என்று யார் சொல்லுவார்கள், இடது காலிலாவது இருக்கட்டும், வலது காலில் சும்மா அழகுக்கு வைக்கலாம் என்றெல்லாம் வாதாடினேன். அவர் தன் பழைய ஜோடியை எடுத்தார், இரண்டு வளையத்தையும் கத்தியால் அறுத்துப் போட்டார். வாழ்நாளெல்லாம் தனக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததை அறுக்கிறோமே என்ற தயக்கம் அந்தக் கையில் இல்லை. பின்பக்கம் ஒரு வாரை வைத்துப் பார்த்தபடி சொன்னார்: "வெரல் பாத்த வேலைய இனிமே கணுக்கால் பாக்கட்டும்." வேறு சிலருக்கு விரலோடு வாழ்க்கையே போயிருக்கும். இவர் அந்த வேலையை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு நிமிர்ந்துவிட்டார்.

ஆனால் புதுச் செருப்பு எங்கே கடிக்கிறது என்று காலில் உணர்ச்சி இல்லாதவருக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் நடந்தால் புண். புண் வந்தால் கால் போச்சு. அதற்கு அவர் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கவிதாவின் பவுடர் டப்பாவை எடுத்து, செருப்பின் உட்புறம் முழுக்கத் தூவினார். போட்டுக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். கழற்றிப் பார்த்தால், எங்கே கால் அழுத்தி உரசியதோ அங்கே பவுடர் அழிந்து தோல் தெரிந்தது. அந்த இடத்தைச் செதுக்கினார், அடியில் ஆஸ்பத்திரிச் செருப்பில் இருந்ததைப் போன்ற மெத்தை ரப்பரை வைத்தார், மறுபடி பவுடர், மறுபடி நடை. ஒவ்வொரு நடைக்கும் பிறகு மதினி அவர் காலைத் தன் மடியில் வைத்து, எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். கல்யாணப் பொண்ணுக்கு வாங்கின பவுடரையெல்லாம் செருப்பே பூசிக்கொள்ளுது என்று கவிதா சலித்துக்கொண்டாள். காலுக்குத் தெரியாத வலியை அந்த மனிதர் கண்ணால் பார்த்தார். நான் வேறென்ன சொல்ல?

கல்யாணத்தன்று மண்டப வாசலில் அந்தச் செருப்போடு நின்றார். அதே தோல், அதே மினுமினுப்பு, கணுக்காலைச் சுற்றி மெல்லிய வார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுப் பந்தி ஓய்ந்ததும் சம்பந்தி அவரைத் தனியாக அழைத்துப் போய், தனக்கும் சர்க்கரை இருக்கிறது, இந்த மாதிரி ஒரு ஜோடி தைத்துத் தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டாராம். அன்றைக்கு ஆரம்பித்த செருப்புதான் இப்போது உங்கள் கால்களில் இருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்ததும் மதினி முதல் வேலையாக அந்தக் காலை மடியில் எடுத்துப் பார்த்தார். எங்கும் சிவக்கவில்லை. அதற்குப் பிறகுதான் மதினி சாப்பிட்டார்.

செய்தி கேட்டு நான் அன்னவாசல் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சேர்த்து நாடிக்கட்டுக் கட்டியாகிவிட்டது. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட, பங்காளிப் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கட்டுவதற்கு ஒரு பக்கம் விரல் இல்லை. பக்கத்து விரலில் கட்டலாமா என்றார் ஒருவர், சும்மா சுற்றி வைக்கலாம் என்றார் இன்னொருவர். துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

அதுவரை தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த மதினி எழுந்து கால்மாட்டுக்கு வந்தார். பெரியவரிடமிருந்து துணியை வாங்கினார்.

"கணுக்கால்ல கட்டுங்க. வெரல் பாத்த வேலைய இத்தன நாளும் அதுதானே பாத்துச்சு."

மதினி துணியைப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தார். அங்கேதான் கட்டினார்கள்.

காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்த அன்று ஒருவருக்குக் கால் அளவு எடுக்க உட்கார்ந்தேன். விரல்கள் எல்லாம் நன்றாக இருக்கிற கால்தான். கட்டைவிரல் பக்கம் வந்ததும் பென்சில் தானாக நின்றது. ஒரு தரம் நன்றாகப் பார்த்தேன், பிறகுதான் கோடு போட்டேன். தங்கராசு அண்ணன் எனக்கு விட்டுப் போனது அந்தப் பார்வைதான். இனி என் கை அது பாட்டுக்குப் போகாது.