அந்தோணியின் நைனாவோடு ராஜகிரி ஏறிய நாள்

செஞ்சிக்கு மறுபடி போக எனக்குத் துளியும் விருப்பமில்லை. 1966 பிப்ரவரியில் ஒரு கார்டு வந்தது. ‘அந்தோணி போய் வருஷமாகுது. கடைசியா உன்னோடதான் கோட்டை ஏறினானாம். என்னையும் கூட்டிட்டுப் போய்க் காட்டு தம்பி.’ எழுதியவர் அவன் அப்பா, செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறவர். திண்டிவனத்தில் அந்தோணியும் நானும் மூன்று வருஷம் ஒரே அறை, ஒரே சைக்கிள். அவரை நானும் நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

அவரிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. அந்தோணிக்கு இதயத்தில் கோளாறு. மலை ஏறக் கூடாது என்று திண்டிவனத்து டாக்டர் சொல்லியிருந்தார். அதை என்னிடம் போன வருஷம் ஏறியபோது பாதி மலையில்தான் சொன்னான். “வீட்டுக்குத் தெரிய வேணாம்டா” என்றான். இறங்கிடலாம் என்றேன், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. உச்சியைப் பார்க்க எனக்கும் ஆசை. இறங்கிய பதினோராம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டான்.

திண்டிவனத்திலிருந்து காலை 5.40 பஸ். பதினேழு மைல், ஒரு மணி நேரம், எண்பது பைசா. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நைனா வெறுங்காலோடு நின்றிருந்தார். அங்கிருந்து ராஜகிரிக் கோட்டைக்கு ஒரு மைல் நடை.

7.15க்கு ஏறத் தொடங்கினோம். படிகள் செங்குத்து, ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம். நிழல் வந்த இடத்திலெல்லாம் நின்று கேட்டார்.

“இங்க உக்காந்தானா?”

“உக்காந்தான் நைனா.”

“மூச்சு வாங்குச்சா அவனுக்கு?”

“இல்ல” என்றேன். நான்கு முறை கேட்டார், நான்கு முறையும் அதே பொய்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை பிளந்து கிடக்கும். மேலே மரப்பாலம். கீழே அறுபது அடி பள்ளம் என்பார்கள். நடுப்பாலத்தில் நைனா நின்றுவிட்டார். முகம் வெளுத்து, கை நெஞ்சில் இருந்தது. இவருமா?

“நைனா, போதும், திரும்பிடலாம். அவனுக்கு நெஞ்சு சரியில்ல. தெரிஞ்சும் நான்தான் மேல கூட்டிட்டு வந்தேன்.”

பலகை கிறீச்சிட்டது. என் தோளை இறுகப் பிடித்தார். தள்ளிவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எங்க ஊரு டாக்டரு என்கிட்ட சொல்லி ரெண்டு வருஷம். புள்ள பயந்துடுவான்னு மறைச்சேன். தெரியாமயே போய்ட்டான்னு நெனச்சிக்கினு இருக்கேன். தெரிஞ்சிக்கினேவா என்னாண்ட சிரிச்சிக்கினு இருந்தான்?”

பிடியைத் தளர்த்தினார்.

“உன்மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். நட. அவன் நின்ன எடத்தைக் காட்டு.”

8.50க்கு உச்சி. அந்தோணி நின்ற பாறையைக் காட்டினேன். அதன்மேல் ஏறி, வல்லம் இருக்கும் பக்கம் பார்த்தபடி கால் மணி நேரம் நின்றார். நான் நான்கடி தள்ளி, எந்த நேரமும் பிடிக்கத் தயாராக நின்றேன்.

பஸ் ஏறும்போது சொன்னார்: “ஞாயித்துக்கெழம பூசைக்கு வா. அவங்கம்மாகிட்டயும் நீயே சொல்லணும்.” போனேன். மலை ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

நீங்கள் போவதானால் ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். ஒன்பதுக்கு மேல் பாறை காலைச் சுடும். தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கூட வருகிறவரிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அடிவாரத்திலேயே சொல்லிவிடுங்கள். அங்கே நிற்கத் தரை இருக்கிறது.