ஜன்னல் சீட்டில் ஒரு டிபன் டப்பா

முதலில் என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் கண்டுபிடித்துச் சிரிக்கிற சிரமம் இருக்காது. போதைக்கு அடிமையான மனிதன் எப்படி இருப்பான் என்று எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். பெங்களூரில் வீடியோ கேம் செய்யும் ஒரு கம்பெனியில் கதை எழுதுவது வேலை. என் முதல் கேமில் வந்த போதைக்காரனுக்குச் சிவந்த கண், நடுங்கும் கை, கிழிந்த சட்டை, போதாததற்குத் தலையைச் சுற்றிப் பச்சைப் புகை. பச்சைப் புகை என் சொந்த யோசனை, ஆபீசில் கைதட்டினார்கள். அதையெல்லாம் எழுதியது காலை ரயிலில், மடியில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவை வைத்து, அதன் மேல் நோட்டை விரித்து. டப்பா என் மாமாவுடையது. அதற்குள் அவருடைய மாத்திரைகள் இருந்தன. போதைக்காரனின் தோளில் இடித்தபடி உட்கார்ந்து, அவன் சரக்கின் மேலேயே நோட்டை வைத்து எழுதி, அத்தனையையும் தப்பாக எழுதிய ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடு. மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயில் ஊரிகத்தைத் தாண்டித்தான் நான் ஏறும் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு வரும். அதற்குள் சீட்டெல்லாம் போயிருக்கும். தினமும் போய்வரும் எங்கள் சீசன் பாஸ்காரர்களுக்குள் எங்கும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. சீட்டின் மேல் துண்டு போட்டால் தள்ளிவிட்டு உட்காருவார்கள். பேப்பர் போட்டால் எடுத்துப் படிப்பார்கள். டிபன் டப்பா வைத்தால் மட்டும் யாரும் தொட மாட்டார்கள். இன்னொருத்தன் சோற்றை நகர்த்த இந்த ஊரில் யாருக்கும் கை வராது. தங்கச் சுரங்கம் மூடிப்போன பிறகு ஊரில் மிச்சமிருக்கும் ஒரே நியாயம் அதுதான் என்று மாமா சொல்வார். நான் ஏறும்போது ஜன்னலோரத்தில் அந்த டப்பா முகம் பார்க்கலாம் போலப் பளபளத்துக்கொண்டு காத்திருக்கும். மாமா அதை எடுத்து என் மடியில் வைப்பார்.

"ஒக்காரு மச்சான். உன் சிம்மாசனம் ரெடி."

பெங்களூர் போய்ச்சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒற்றைக் காலில் நின்று, இன்னொருவர் அக்குளை முகர்ந்துகொண்டு போனவர்களுக்குத்தான் அந்தச் சிம்மாசனத்தின் அருமை தெரியும்.

மாமாவுக்கு ஒரு குடோனில் லோடு இறக்கும் வேலை. ஒருநாள் மூட்டை சரிந்து முதுகில் விழுந்தது. டாக்டர் கொஞ்ச நாளைக்கென்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாள் முடிந்தது, மாத்திரை முடியவில்லை. அவர் கண் சிவக்கவில்லை, கை நடுங்கவில்லை, சட்டை தினமும் இஸ்திரி போட்டதுதான். சொல்லப்போனால் முன்னைவிட நல்ல மனுஷனாகியிருந்தார். சண்டை போட மாட்டார். சொன்ன ஜோக்கையே ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி சொல்வார். நானும் அதே வேலையைச் செய்கிறவன் என்பதால் வித்தியாசமாகத் தெரியவில்லை. மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பார். பேச்சின் நடுவில் தலை தொங்கும். லோடு தூக்கிய அசதி என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் ஒருநாள்கூட என் சீட்டு தவறியதில்லை.

பங்காருப்பேட்டையில் ரயில் நெடுநேரம் நின்ற ஒரு காலையில், டீ வாங்க மாமா இறங்கினார். எனக்குப் பசி. டப்பாவைத் திறந்தேன். மேல் தட்டில் பொரியல், அதைத் தூக்கினால் எலுமிச்சைச் சோறு, சோற்றுக்கும் தட்டுக்கும் நடுவே மடித்துச் செருகிய மாத்திரை அட்டைகள், நாலைந்து. கிழித்த வெள்ளிக் காகிதத் துணுக்குகள் சோற்றில் ஒட்டியிருந்தன. நிமிர்ந்தால் மாமா இரண்டு கையிலும் டீயோடு நிற்கிறார்.

"முதுகுக்குத்தான் மச்சான். அக்காகிட்ட சொல்லிடாத."

அந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்திருக்க வேண்டுமோ தெரியாது. நான் ஜோக் அடித்தேன். "சொல்லல மாமா, ஆனா சோத்துல பாதி என்து" என்றேன். அவர் டீ சிந்தச் சிரித்தார். பாதிச் சோற்றைத் தின்றும் முடித்தேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. குடும்பத்துக்குள் சண்டை மூட்டக் கூடாது, அவர் மானம் போய்விடும், அவரே விட்டுவிடுவார் என்று காரணங்களை அடுக்கி வைத்திருந்தேன். எல்லாம் யோக்கியமான காரணங்கள்தான். அவற்றுக்கு அடியில், தட்டுக்கடியில் இருந்த அட்டையைப் போல, இன்னொன்று மடிந்து கிடந்தது. அக்காவிடம் சொன்னால் அவள் மாமாவின் வேலையை நிறுத்திவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவாள். பிறகு எனக்கு யார் சீட்டுப் பிடிப்பார்கள்? எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

அன்று திங்கட்கிழமை. மூன்று நாள் விடுமுறை முடிந்து ஊரே பெங்களூருக்குத் திரும்பியதில், மாமாவுக்கு ஒரே ஒரு இடம்தான் கிடைத்திருந்தது. அதில் டப்பாவை வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். நீங்க உட்காருங்க என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அது பேச்சுக்குத்தான் என்பது இருவருக்கும் தெரியும். "நீ எழுதற ஆளு, ஒக்காரு" என்று டப்பாவை என் மடியில் வைத்துவிட்டு, காற்று வாங்க வாசல் பக்கம் போனார். பங்காருப்பேட்டை தாண்டிக் கொஞ்ச நேரம் இருக்கும். வாசலில் ஒரே கூச்சல். யாரோ சங்கிலியை இழுத்தார்கள். கம்பியைப் பிடித்தபடியே மாமா தூங்கிவிட்டார், கை தானாக நழுவி வெளியே விழுந்துவிட்டார் என்று பக்கத்தில் நின்றவர் பிறகு சொன்னார். ரயில் நின்றதும் எல்லோரும் இறங்கி ஓடினார்கள். நான் உடனே எழவில்லை. மடியில் டப்பா இருந்தது. சோறு இன்னும் சூடாக இருந்தது.

இப்போது எழுதும் கேமில் பச்சைப் புகை கிடையாது. எங்கள் டீம் லீட் முதலில் ஒரு தர்ம மீட்டர் கேட்டார். நல்லது செய்தால் முள் நீலத்துக்கு ஏறும், கெட்டது செய்தால் சிவப்புக்கு இறங்கும். எனக்கு அப்படி ஒரு மீட்டர் இருந்திருந்தால் அந்த நாலு மாதமும் நீலத்தில்தான் நின்றிருக்கும். மானம் காத்தேன், சண்டையைத் தவிர்த்தேன், சிரிக்க வைத்தேன். மீட்டரை எடுத்துவிடச் சொல்லி ஒரு வாரம் வாதாடினேன். இந்தக் கதையில் ஒருவன் உங்களுக்குத் தினமும் சீட்டுப் பிடித்து வைப்பான். ஒருநாள் அவன் டப்பாவை நீங்கள் திறப்பீர்கள். அவன் வீட்டில் சொன்னால் அன்றிலிருந்து நின்றுகொண்டே போக வேண்டும், அவன் முகம் கொடுத்துப் பேச மாட்டான். மூடி வைத்தால் ஒன்றும் ஆகாது. அடுத்த கட்டத்திலும் ஒன்றும் ஆகாது. சீட்டு கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆடிப் பார்த்தவர்கள் போரடிக்கிறது என்றார்கள். அப்படித்தான் இருந்தது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

போன ஞாயிறு மத்தியானம் அதைப் போனில் ஏற்றிக்கொண்டு ஊரிகத்துக்குப் போனேன். மாமா இறந்து இத்தனை வருஷமாக அக்காவிடம் வாயால் சொல்ல முடியாததைக் கேம் சொல்லட்டும் என்று நினைத்தேன். கோழைக்குக் கம்பெனி சம்பளமும் கொடுத்துக் கருவியும் கொடுத்திருக்கிறது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டைவிரலால் தடவித் தடவி ஆடினாள். ரயில் வந்தது. ஜன்னல் சீட்டில் டப்பா இருந்தது. திறந்தாள். விரல் அப்படியே நின்றது.

"இதுல இப்ப இன்னா பண்ணணும்?"

மூட வேண்டும், இல்லாவிட்டால் அவன் வீட்டில் சொல்ல வேண்டும் என்றேன்.

"நீ பாத்தியா அப்ப?"

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. "பாத்தேங்க்கா. நாலு மாசம் சொல்லாம இருந்துட்டேன். சீட்டுக்காக."

அவள் போனைக் கவிழ்த்து என் மடியில் வைத்தாள். சமையல் அலமாரியில் அந்த டப்பா, ஒரு வெள்ளிக் காகிதத் துணுக்குகூட ஒட்டாமல், இன்னும் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த டப்பாவ டெய்லி கழுவனது யாருடா?"